வாக்குச்சீட்டில் 2 என்றும் எழுதலாம்: தமிழ்க் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வடக்கு கிழக்கில் எங்களிடம் வாக்குக் கேட்டு வரும் தமிழ்க் கட்சிகளின் தலைவர்களுக்கு,

எங்கள் ஊர்க் கோயில் முன்றலில் அண்மையில் நடந்த கூட்டமொன்றில் உங்களில் ஒருவர் பேசினார். பெயர் வேண்டாம். அவர் சொன்னதை உங்களில் பலர் வேறு மேடைகளிலும் சொல்லியிருக்கிறீர்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொதுவேட்பாளரின் சங்குச் சின்னத்துக்கு விழுந்த 2 இலட்சத்து 26 ஆயிரத்து 343 வாக்குகளும் கிணற்றுக்குள் போட்ட கல் என்றார். வெல்லக்கூடிய இருவரில் ஒருவருக்குப் போட்டிருந்தால் எங்கள் பேரம் பேசும் பலம் கூடியிருக்குமாம். மூன்றாவது ஆளுக்குப் போடுவதும் வாக்களிக்கப் போகாமல் வீட்டில் படுத்துக் கிடப்பதும் ஒன்றாம். சனம் கைதட்டியது. பின்வரிசையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த எனக்குக் கை எழவில்லை.

அடுத்த கிழமை மற்றத் தரப்பார் வந்தார்கள். சங்குக்குப் போடாமல் தெற்கத்தைய வேட்பாளர் ஒருவருக்குப் போட்ட தமிழர் எல்லோரும் இனத்தைக் கைவிட்டவர்களாம். அதற்கும் கைதட்டல். எங்கள் ஊர்ச் சனத்துக்குக் கைதட்டுவதில் பாகுபாடு கிடையாது.

இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் எதிர் எதிராக நின்று பேசினாலும் எங்களிடம் சொல்லாமல் விட்டது ஒரே விடயம். ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் 1 மட்டுமல்ல, 2, 3 என்றும் எழுதலாம். எழுதினால், வெல்ல முடியாத ஒருவருக்கு முதல் வாக்கைப் போட்டவருக்கும் வெல்லப்போகிறவர் யார் என்பதில் ஒரு சொல் இருக்கும். இது சலுகையல்ல, 1978 அரசியல் யாப்பின் 94ஆவது உறுப்புரையிலேயே உள்ள உரிமை. உங்களில் பலர் சட்டத்தரணிகள். எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இராது.

நான் 34 வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள். சேவையில் இருந்த காலத்தில் பல தேர்தல்களுக்கு வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போயிருக்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பி, மேசை போட்டு, விரலுக்கு மை பூசி, பெட்டிக்கு முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன். கடமைக்கு முன் நடக்கும் பயிற்சி வகுப்பில் இரண்டாம் மூன்றாம் விருப்பு வாக்கு பற்றிய பகுதி வந்தால், நடத்துகிறவர் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவார். "இது தேவைப்படாது, ஆனாலும் தெரிஞ்சு வையுங்கோ." அவரைக் குறை சொல்ல முடியாது. 1982இலிருந்து 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார். ஒரு தலைமுறை முழுக்க அந்த 2ஐக் கண்ணால் காணாமலே வாக்களித்துப் பழகிவிட்டது.

2024 அப்படி இருக்கப்போவதில்லை என்பது முன்பே தெரிந்தது. சஜித் பிரேமதாச, ரணில் விக்ரமசிங்க, அநுர குமார திசாநாயக்க என்று மூன்று பெரிய கைகள் களத்தில் நின்றன. 38 வேட்பாளர்கள். யாரும் பாதியைத் தொடமாட்டார்கள் என்று சந்தைக்குப் போகிற சனமே கதைத்தது. இரண்டாவது எண் உயிர்பெறப்போகும் முதல் தேர்தல் அது. அந்த நேரம் நீங்கள் என்ன செய்தீர்கள்? தமிழரசுக் கட்சியின் மத்திய குழு செப்டெம்பர் 1ஆம் திகதி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. அதே கட்சியைச் சேர்ந்த பா. அரியநேத்திரன் மற்றக் கட்சிகளும் பொது அமைப்புகளும் நிறுத்திய பொதுவேட்பாளராக நின்றார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி புறக்கணிக்கச் சொன்னது. மூன்று பாதை, மூன்று மேடை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், அதைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுப் படலைக்கு வந்த துண்டுப்பிரசுரங்களை எடுத்து வைத்திருக்கிறேன். சங்கு போட்டதில் சங்குக்கு நேரே ஓர் அடையாளம். சஜித்தின் சின்னமான தொலைபேசி போட்டதில் தொலைபேசிக்கு நேரே ஓர் அடையாளம். ஒன்றிலாவது 2 இல்லை. பத்திரிகைகளில் விளக்கி எழுதியவர்கள் இருந்தார்கள். மேடையிலும் படலையிலும் அதைச் சொன்ன ஒருவரை நான் சந்திக்கவில்லை.

தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்க எங்கள் விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ரீச்சரிடம் கேட்டால் தெரியும் என்ற நம்பிக்கைதான். பக்கத்து வீட்டு அக்கா, வயது 78. கடைக்கார அண்ணை. ஓட்டோ ஓடும் என் பழைய மாணவன் ஒருவன். அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"ரீச்சர், சங்குக்குப் போடத்தான் விருப்பம். ஆனா அங்கால எனக்குப் பிடிக்காத ஆள் வந்திடுவானோ எண்டு பயமாயும் கிடக்கு. என்ன செய்யிறது?"

எட்டாம் வகுப்பில் பின்னங்கள் விளங்காமல் அழுத பெடியன், உலகம் முழுக்க வாக்காளர்கள் திணறும் கேள்வியை ஒரே வசனத்தில் கேட்டுவிட்டான். மனம் ஒருவர் பக்கம், பயம் இன்னொருவர் பக்கம். நான் சொன்னேன்: சங்குக்கு 1 போடு. பயப்படுகிற ஆளை மறிக்கக்கூடியவர் யாரென்று நினைக்கிறாயோ அவருக்கு 2 போடு. யாரும் பாதிக்கு மேல் எடுக்காமல், சங்கும் முதல் இரண்டு இடத்துக்குள் வராவிட்டால் உன் சீட்டை எடுத்து அந்த 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அவரும் முதல் இருவரில் ஒருவர் இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். புள்ளடியையும் எண்களையும் மட்டும் கலந்து போடாதே.

அவன் நம்பவில்லை. "அப்பிடிப் போட்டா வோட்டு பழுதாப் போயிடும் எண்டு நோட்டீஸ் தந்தவன் சொன்னவன், ரீச்சர்." அக்காவுக்கு வேறு ஆள் வேறு கதை சொல்லியிருந்தார். 2 போட்டால் சங்கின் பலம் அரைவாசியாகிவிடுமாம். கடைக்கார அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்டு போட்டாக் காணும், ஏன் வில்லங்கம்" என்றார். பழைய பேப்பர் ஒன்றில் கட்டம் கீறி, புளியங்கொட்டை வைத்து எண்ணிக் காட்டினேன். பாதிப் பேருக்கு விளங்கியது. மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரின் சொல்லுக்கும் கட்சி நோட்டீசுக்கும் இடையில் சனம் எதை நம்பும்?

செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. யாரும் 50 வீதத்தைத் தொடவில்லை, இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படும் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். என் பேத்தி "அதென்ன அம்மம்மா?" என்று கேட்டு வாய் மூடவில்லை, தொலைபேசி அடித்தது. ஓட்டோப் பெடியன்.

"ரீச்சர், ரெண்டாவதை எண்ணினமாம். என்ர சீட்டில ரெண்டு இல்லையே."

இல்லையென்றால் அதை எடுத்து ஒருபக்கம் வைப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப நான் போடாத மாதிரியே?"

அப்படியில்லை, உன் வாக்கு சங்கின் கணக்கில் கிடக்கிறது, அதை யாரும் அழிக்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அவன் கேட்டதில் பாதி உண்மை இருந்தது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

முடிவுகள் வந்தபின் கொப்பி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். பழக்கதோஷம். செல்லுபடியான வாக்குகள் 1 கோடி 33 இலட்சத்து 19 ஆயிரத்து 616. அநுரவுக்கு 56 இலட்சத்து 34 ஆயிரத்து 915, அதாவது 42.31 வீதம். சஜித்துக்கு 43 இலட்சத்து 63 ஆயிரத்து 35. இவர்கள் இருவரையும் விட்டு வேறு யாருக்கோ முதல் வாக்கைப் போட்டவர்கள் 33 இலட்சத்து 21 ஆயிரத்து 666 பேர். ரணிலுக்குப் போட்ட கிட்டத்தட்ட 23 இலட்சம் பேரும் அதற்குள் அடக்கம், சங்குக்குப் போட்ட எங்கள் ஆட்களும் அடக்கம். இந்த 33 இலட்சத்திலிருந்து இரண்டாம் சுற்றில் அநுரவுக்குப் போய்ச் சேர்ந்தவை 1 இலட்சத்து 5 ஆயிரத்து 264. சஜித்துக்கு 1 இலட்சத்து 67 ஆயிரத்து 867. இரண்டையும் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரத்து 131.

நூறு பேரில் எட்டுப் பேர். மிச்சம் 92 பேரின் சீட்டில், இறுதியாக நின்ற இருவரில் எவருக்கும் எண் இல்லை. அப்படி ஒதுக்கி வைக்கப்பட்ட சீட்டுகள் 30 இலட்சத்து 48 ஆயிரத்து 535. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் கடைசியாக இருந்த வித்தியாசம் 12 இலட்சத்து 9 ஆயிரத்து 277. ஒதுக்கி வைத்தது அதன் இரண்டரை மடங்கு. முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த 30 இலட்சம் பேர் இரண்டு பக்கமும் பிரிந்திருப்பார்கள். சங்கு வாக்குகள் முழுவதுமே ஒரு பக்கம் போயிருந்தாலும் அந்த முறை அநுரதான் வந்திருப்பார், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் இத்தனை பேரில் எத்தனை பேர் தெரிந்து விட்டார்கள், எத்தனை பேர் தெரியாமல் விட்டார்கள்? என் விறாந்தையில் இருந்தவர்களை வைத்துப் பார்த்தால் எனக்கு நல்ல எண்ணம் வரவில்லை.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளையும் பாருங்கள். 2019இல் 1 இலட்சத்து 35 ஆயிரத்து 452. 2024இல் 3 இலட்சத்து 300. இரண்டு மடங்குக்கும் மேல். சங்குக்கு நாடு முழுக்க விழுந்ததைவிடக் கூடுதலான வாக்குகள் குப்பைக்குப் போயிருக்கின்றன. வாக்கு வீணாவதைப் பற்றி மேடையில் கவலைப்படுகிறவர்கள் இந்த மூன்று இலட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

லண்டனில் இருக்கும் என் தம்பியோடு இதைப் பற்றிச் சண்டை பிடிப்பேன். மூன்றாவது கட்சிக்குப் போடுவது வீண் வேலை என்பது அவன் வாதம். அவன் இருக்கும் நாட்டில் அதில் நியாயம் உண்டு. 2024 யூலையில் அங்கே தொழிற்கட்சி 33.7 வீத வாக்குக்கு 650இல் 411 ஆசனங்களை அள்ளியது. ரிஃபோர்ம் கட்சி 14.3 வீதம் எடுத்தும் 5 ஆசனம். தொகுதியில் ஒரு வாக்குக் கூடுதலாக எடுத்தவன் வென்றான், மற்றதெல்லாம் கழிவு. 1, 2, 3 என்று எண் போடும் முறைக்கு மாறுவோமா என்று 2011இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் ஜனாதிபதி பதவியே கைமாறியது. அங்கே மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நேடருக்கு விழுந்தது 97 ஆயிரத்துக்கும் மேல். அந்தச் சீட்டுகளில் 2 எழுத இடமிருக்கவில்லை. எழுத இடமுள்ள நாட்டில் இருந்துகொண்டு, இடமில்லாத நாட்டுக்காரன் பேசும் நியாயத்தை நீங்கள் எங்களுக்குச் சொல்கிறீர்கள்.

இனி, 2 போட்டால் பொதுவேட்பாளரின் செய்தி நீர்த்துப்போகும் என்ற வாதம். இதைச் சொன்னவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், ஆனால் கணக்குப் பிழை. முதலில் எண்ணப்படுவது 1 மட்டும். அந்த எண்ணிக்கைதான் சங்கின் பெயருக்கு நேரே பதியப்பட்டு, அறிவிக்கப்பட்டு, நிலைக்கிறது. அந்த 2 இலட்சத்து 26 ஆயிரத்து 343இல், எத்தனை பேர் 2 போட்டிருந்தாலும் ஒன்றுகூடக் குறைந்திராது. உங்கள் வேட்பாளர் போட்டியிலிருந்து விலக்கப்பட்ட பின்தான் அந்த 2ஐ யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். செய்தியும் போய்ச் சேரும், கடைசிச் சுற்றில் கையும் இருக்கும். தெற்கத்தைய எவருக்கும் என் 2ஐக் கொடுக்கமாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை, நான் மதிக்கிறேன். தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.

2005 ஜனாதிபதித் தேர்தலையும் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சம் வாக்காளர்கள் பதிவில் இருக்க, வாக்களித்தவர்கள் எண்ணாயிரத்துச் சொச்சம். அந்த நாளில் யார் சொல்லி வீட்டுக்குள் இருந்தோம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வென்ற மகிந்த ராஜபக்சவுக்கும் ரணிலுக்கும் இடையில் வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரத்து 786. எல்லோரும் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். மகிந்த பாதிக் கோட்டுக்கு மேலே நின்றது வெறும் 28 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளால். அன்று எங்கள் மாவட்டத்தில் 60 ஆயிரம் பேர் போய், வெல்லவே முடியாத ஒரு மூன்றாவது ஆளுக்குப் போட்டிருந்தால்கூட அவர் 50 வீதத்துக்குக் கீழே இறங்கியிருப்பார். அந்த 60 ஆயிரம் சீட்டிலும் 2 என்று எதை எழுதியிருக்கிறார்கள் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்திருக்கும். மூன்றாவது ஆளுக்குப் போடுவதும் வீட்டில் படுத்துக் கிடப்பதும் ஒன்று என்று சொன்ன அந்தப் பேச்சாளர், இந்தக் கூட்டல் கழித்தலை ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

சரி, மூன்றாவது ஆளுக்குப் போட்ட வாக்கு வளருமா? 2019இல் அநுரவுக்கு விழுந்தது 4 இலட்சத்து 18 ஆயிரத்து 553, அதாவது 3.16 வீதம். அவருடைய கட்சியான ஜே.வி.பி.யின் ரோகண விஜேவீர 1982இல் எடுத்த 4.19 வீதத்தைவிடவும் குறைவு. 37 வருடம் ஓடி முன்னேறாத கட்சி என்று எல்லோரும் சிரித்தார்கள். சஜித்தின் அன்னமா கோட்டாபயவின் மொட்டா என்று கேட்ட நாட்டில் அந்த நாலு இலட்சம் பேரும் வாக்கைக் கடலில் கரைத்தவர்கள். ஐந்து வருடம் கழித்து அந்த ஆள் ஜனாதிபதி. 2022இல் பொருளாதாரம் விழுந்து, சனம் வீதிக்கு இறங்கி, ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய நாட்டை விட்டே ஓடியிராவிட்டால் இது நடந்திராது, உண்மைதான். ஆனால் சனம் பழைய இரு வீட்டையும் வெறுத்துத் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஒரு மூன்றாவது வீடு விளக்கோடு இருந்தது. அந்த விளக்குக்கு எண்ணெய் விட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது? 1982இல் குமார் பொன்னம்பலம் நின்றார். 1 இலட்சத்து 73 ஆயிரத்து 934 வாக்கு எடுத்து, யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். பிறகு யுத்தம் வந்தது, யாரையும் குறை சொல்ல ஏலாது. 2024க்குப் பிறகு யுத்தம் இல்லையே? யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு அடுத்ததாக, ஐயாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் சங்கு வந்தது. இரண்டு மாதத்தில் பாராளுமன்றத் தேர்தல். அதற்குள் நீங்கள் உடைந்த உடைவில், யாழ்ப்பாணத்தில் 6 ஆசனங்களுக்கு 396 வேட்பாளர்கள். சீட்டைப் பிடித்துப் படிக்கவே கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. செப்டெம்பரில் இங்கே 27 ஆயிரம் வாக்கு எடுத்த அநுரவின் திசைகாட்டி நவம்பரில் 80 ஆயிரம் எடுத்து மூன்று ஆசனங்களோடு போனது. ஆக, சங்குக்குப் போட்ட சனம் அந்த வாக்கைக் கிணற்றில் போடவில்லை, உங்கள் கையில் தந்தது. மூன்றாவது ஆளுக்கு விழும் வாக்கு, தேர்தலுக்கு மறுநாள் அதை வைத்து வேலை செய்ய ஆள் இருந்தால் பெறுமதி உள்ளது. இல்லாவிட்டால் அது வெறும் எண்தான். என் கோபம் இந்த இடத்தில்தான் கூடுகிறது.

நான் யாருக்குப் போட்டேன் என்பது என்னோடு இருக்கட்டும். மூன்று எண்களும் போட்டேன், அதை மட்டும் சொல்வேன்.

இனி நான் கேட்பவை.

"வீண் வாக்கு" என்ற சொல்லை ஜனாதிபதித் தேர்தல் மேடையில் எடுக்காதீர்கள். "துரோகி" என்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டு சொல்லும் சனத்தைப் பயமுறுத்தப் பயன்பட்டனவே தவிர எதையும் விளக்கவில்லை.

இந்தப் பதவி ஒழிக்கப்பட்டால் நல்லது, நானும் வரவேற்பேன். ஒழிக்கப்படாவிட்டால் 2029இல் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வரும். அப்போது நீங்கள் பொதுவேட்பாளரை நிறுத்துவதாக இருந்தால், உங்கள் ஆதரவாளர்களின் 2 யாருக்கு என்ற பேச்சைத் தெற்கத்தைய வேட்பாளர்களோடு முன்கூட்டியே, வெளிப்படையாக நடத்துங்கள். காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் விவகாரம், மாகாண சபை அதிகாரம் என்று எங்கள் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி, வாக்களிப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் பத்திரிகையில் போடுங்கள். பதில் எதுவுமே திருப்தி இல்லையென்றால் 2 போடாதீர்கள் என்று காரணத்தோடு சொல்லுங்கள். இரகசிய அறைகளில் கைகுலுக்கிவிட்டு வந்து "நம்புங்கள்" என்று சொல்லும் வேலை இனி வேண்டாம். தெற்கத்தைய ஒருவரை நேரடியாக ஆதரிப்பதாக முடிவெடுக்கும் கட்சியும், பொதுவேட்பாளருக்கு 1 போட விரும்புகிறவர்களிடம் "அப்படியானால் 2ஐ எங்களுக்குத் தாருங்கள்" என்று கேட்கப் பழகட்டும். வசைபாடுவதைவிட அது இலாபம்.

நீங்கள் அச்சடிக்கும் ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்திலும் மாதிரி வாக்குச்சீட்டில் 1, 2, 3 மூன்றுக்கும் இடம் காட்டுங்கள். 2ஐ யாருக்கு என்று சொல்ல விருப்பமில்லையா, வெறுமையாக விட்டு "உங்கள் விருப்பம்" என்று போடுங்கள். 2 போட்டால் வாக்குப் பழுதாகும் என்று உங்கள் ஆட்கள் எவரும் சொன்னால் அவரைப் படலைகளுக்கு அனுப்பாதீர்கள்.

உங்களுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும் ஒன்றில் மட்டும் சேர்ந்து கையெழுத்து வையுங்கள். 2024இல் ஒதுக்கி வைக்கப்பட்ட 30 இலட்சம் சீட்டுகளும் நிராகரிக்கப்பட்ட 3 இலட்சமும் எந்தெந்த மாவட்டத்தில் எத்தனை, என்ன காரணத்தால் என்று தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் கேட்டு, பதிலைத் தமிழில் சனத்தின் முன் வையுங்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் எண்போடும் பயிற்சி நடத்த வேண்டும் என்றும் கேளுங்கள். ஆள் போதாதென்றால் எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் சும்மாதான் இருக்கிறோம். புளியங்கொட்டை என்னிடம் உண்டு.

இதற்குப் பதில் எழுத விரும்பினால் எனக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பேப்பர் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் பலகை இருக்கிறது. உங்கள் கட்சிப் பெயரும் கையொப்பமும் போட்டு அதில் ஒட்டுங்கள். ஓட்டோக்காரப் பெடியன் ஒவ்வொரு நாளும் காலையில் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறான்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி